டிரெஸ்ஸிங் மாற்றும் மாதம் – கடிதம்

வணக்கம் சார்,

அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த மாதம் பிளாஸ்டிக் சர்ஜரியில் போஸ்டிங். முதல் நாளே பயிற்சியின் நோக்கங்கள் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். ‘ஃபிளாப் வகைகளை அறிந்திருத்தல்’, ‘பிளவு உதடு சிகிச்சையை அறிந்திருத்தல்’ என்று பக்கம் முழுக்க அறிந்திருத்தல். பத்து நாள் ஓடிவிட்டது. காலை ஏழு மணியிலிருந்து டிரெஸ்ஸிங்தான். தியேட்டரில் மேற்படிப்புக்கு வந்திருக்கும் எம்.சிஹெச். மாணவர்கள் எல்லாவற்றையும் செய்கிறார்கள், நான் ரிட்ராக்டர் பிடிக்கிறேன். சர்க்கரை நோயில் காலில் புண் வந்த ஒரு விவசாயிக்குத் தினமும் கட்டு மாற்றுகிறேன். ‘எப்போ தம்பி வீட்டுக்கு அனுப்புவீங்க’ என்று அவரும் தினமும் கேட்கிறார். நான் நாளைக்கு ஹெர்னியா, குடல் என்று வேலை செய்யப் போகிறவன். ரத்தக்குழாயோடு திசுவை எடுத்து வேறிடத்தில் வைக்கும் ஃபிளாப், அதிலும் குழாயை அறுத்துப் புதிய இடத்தில் தைத்து இணைக்கும் ஃபிரீ ஃபிளாப் எனக்கு எதற்கு? இந்த மாதத்தில் உண்மையில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பெயரையும் கல்லூரியையும் எடுத்துவிட்டுத்தான் கடிதத்தைப் போட்டிருக்கிறேன். உங்கள் சீஃப் படித்தால் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார், அதற்கு நான் பொறுப்பில்லை.

ஃபிரீ ஃபிளாப் உங்களுக்கு வேண்டாம். மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே இரண்டு மில்லிமீட்டர் ரத்தக்குழாயைத் தைக்க, எம்.எஸ். முடித்த பிறகு மூன்று வருடம் தனியாகப் படிக்கிறார்கள். அதை ஒரு மாதம் எட்டிப் பார்த்து ஒன்றும் ஆகப் போவதில்லை. அந்தத் தாளைப் பற்றியும் அதிகம் கவலைப்படாதீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி ஒரு தாள் தயாரித்தவன்தான். பாடப்புத்தகத்தின் பொருளடக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு தலைப்புக்கும் பின்னால் ‘அறிந்திருத்தல்’ சேர்த்தேன். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர்கள் கேட்டால் காட்ட வேண்டுமே!

ஆனால் நீங்கள் அலுத்துக்கொள்ளும் டிரெஸ்ஸிங் இருக்கிறதே, அதற்காகத்தான் உங்களை அங்கே அனுப்பியிருக்கிறார்கள். அனுப்பியவர்களுக்கே அது தெரியுமா என்பது வேறு விஷயம்.

நான் உங்களைப் போல பி.ஜி.யாக இருந்தபோது நடந்தது. இரவு கேஷுவால்டியில் ஒரு லாரி கிளீனரைக் கொண்டுவந்தார்கள். சக்கரம் காலில் ஏறி இறங்கியிருந்தது. எலும்பு உடையவில்லை. முழங்காலுக்குக் கீழே தோல் மட்டும் சாக்ஸைக் கழற்றிய மாதிரி உரிந்து, கணுக்கால் பக்கம் ஒட்டிக்கொண்டு தொங்கியது. கழுவினேன், தோலை மேலே இழுத்தேன், தைத்தேன். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். இடைவெளி பிசகாமல் தையல். காலையில் ரவுண்ட்ஸில் சீஃப் பாராட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கட்டைப் பிரிக்கவே இல்லை. ‘தைக்கிறதுக்கு முன்னாடி அந்தத் தோல் ஓரத்துல ரத்தம் வந்துச்சா?’ என்று மட்டும் கேட்டார். நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை. மூன்றாம் நாள் ஓரம் கறுத்தது. ஐந்தாம் நாள் உள்ளங்கை அகலத்துக்கு நான்கைந்து இடங்களில் கருந்தோல், அடியில் சீழ். எல்லாவற்றையும் வெட்டி எடுத்தார்கள். அந்தக் காலுக்கு ஏழு வாரம் நான்தான் டிரெஸ்ஸிங் செய்ய வேண்டும் என்று சீஃப் சொல்லிவிட்டார். தண்டனை என்று நினைத்தேன்.

அன்றே அந்தத் தோலின் கொழுப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அதையே ஒட்டுத்தோலாக, அதாவது கிராஃப்ட்டாகத் திரும்பப் போட்டிருக்கலாம். இல்லையென்றால் கழுவிக் கட்டி வைத்துவிட்டு, நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்துத் திறந்து பார்த்து முடிவு செய்திருக்கலாம். தைக்க உங்கள் யூனிட்டிலேயே கற்றுக்கொடுப்பார்கள். தைக்காமல் விடுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும், அது பிளாஸ்டிக் வார்டில்தான் வரும். ஏனென்றால் மற்ற யூனிட்டுகளில் அவசரப்பட்டு மூடியதெல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேர்கிறது.

சரி, நாளைக் காலை டிரெஸ்ஸிங் டிராலியோடு போகும்போது என்ன செய்யலாம்? ஒவ்வொரு கட்டையும் பிரிப்பதற்கு முன்னால், உள்ளே என்ன இருக்கும் என்று மனதுக்குள் சொல்லிவிட்டுப் பிரியுங்கள். சிவப்பாகக் குருணை குருணையாக வந்திருக்குமா, ஸ்லஃப் என்னும் செத்த திசு எவ்வளவு, வாசனை எப்படி. முதல் வாரம் பாதி தப்பும். மாதக் கடைசியில் எவ்வளவு தப்புகிறது என்று பாருங்கள். லாக் புக்கில் ‘அசிஸ்டெட்’ என்று எத்தனை கேஸ் எழுதினீர்கள் என்பதைவிட எனக்கு அந்தக் கணக்குதான் முக்கியம்.

கிராஃப்ட் வைத்தவருக்கு ஐந்தாம் நாள் கட்டை முதன்முறையாகப் பிரிப்பார்கள். கெஞ்சியாவது பக்கத்தில் நில்லுங்கள். ஒட்டி வைத்த தோல் முதல் ஓரிரு நாள் அடியிலிருந்து ஊறும் நீரை உறிஞ்சித்தான் உயிரோடு இருக்கிறது. பிறகு இரண்டு பக்கத்து நுண்குழாய்களும் வாயோடு வாய் சேர்கின்றன. நான்கைந்து நாளில் ரத்தம் ஓடுகிறது. அதற்குள் அடியில் ரத்தம் கட்டினாலோ, சீழ் பிடித்தாலோ, தோல் நகர்ந்தாலோ போச்சு. பிரிக்கும்போது இளஞ்சிவப்பாக ஒட்டியிருந்தால் மகிழ்ச்சி. ஒட்டாவிட்டால், மூன்றில் எது காரணம் என்று நீங்களே கண்டுபிடியுங்கள். ஹம்பி கத்தியால் தொடையிலிருந்து தோல் எடுக்க ஒரு முறையாவது கேட்டு வாங்குங்கள். உங்களுக்கு அது நிச்சயம் வேண்டும். தோல் எடுத்த இடம்தான் ஒட்டிய இடத்தைவிட வலிக்கும் என்பதையும் நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லப் பழகுங்கள்.

ஃபிளாப் வேண்டாம் என்றேன். ஆனால் ஃபிளாப் வைத்த நோயாளியை இரவில் பார்த்துக்கொள்ளும் டியூட்டி உங்களுக்கு வந்தால் விடாதீர்கள். மணிக்கொரு முறை நிறம், சூடு, அழுத்தி எடுத்தால் ரத்தம் திரும்பும் வேகம். வெளுத்துக் குளிர்ந்தால் ரத்தம் உள்ளே வரவில்லை. நீலமாகி உப்பினால் வெளியே போகவில்லை. சந்தேகம் இருந்தால் ஊசியால் குத்திப் பாருங்கள். கருஞ்சிவப்பாகக் குபுகுபுவென்று வந்தால் சிரையில் அடைப்பு. இரவு இரண்டு மணியாக இருந்தாலும் உடனே போன் செய்யுங்கள். ‘காலையில் ரவுண்ட்ஸில் சொல்லிக்கொள்ளலாம்’ என்று பி.ஜி. நினைத்ததால் போன ஃபிளாப்கள் எனக்கே தெரிந்து சில உண்டு. திட்டு வாங்கினாலும் பரவாயில்லை என்று இரவில் சீனியரை எழுப்புவது, உங்கள் தாளில் மனப்பாங்கு என்ற தலைப்பு இருந்தால் அதன் கீழே வர வேண்டியது.

தீக்காயத்தில் கணக்குத் தப்பக் கூடாது. 60 கிலோ எடையுள்ளவருக்கு உடம்பில் 40 சதவீதம் வெந்திருந்தால், முதல் 24 மணி நேரத்தில் ஏற்ற வேண்டிய திரவம், பார்க்லாண்ட் சூத்திரப்படி 4 மில்லி பெருக்கல் 60 பெருக்கல் 40, அதாவது 9,600 மில்லி. பாதியை முதல் எட்டு மணி நேரத்தில் கொடுக்க வேண்டும். இது எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அந்த எட்டு மணி நேரம் தீப்பட்டதிலிருந்து தொடங்குகிறது, உங்கள் வார்டுக்கு வந்ததிலிருந்து அல்ல. காலை ஆறு மணிக்குப் பட்டு, இரண்டு ஆஸ்பத்திரி சுற்றிப் பத்து மணிக்கு வந்து சேர்ந்தவருக்கு, வழியில் ஒன்றும் ஏற்றவில்லை என்றால், 4,800 மில்லிக்கு நான்கு மணி நேரம்தான் மிச்சம். வெறுமனே சிவந்திருக்கும் இடத்தைச் சதவீதத்தில் சேர்க்காதீர்கள். குழந்தைக்குத் தலை பெரிது, தலைக்கு ஒன்பது சதவீதம் என்ற பெரியவர்களின் கணக்கு அங்கே செல்லாது. அப்புறம், சூத்திரம் தொடக்கம் மட்டுமே. பெரியவர்களுக்குச் சிறுநீர் மணிக்குக் கிலோவுக்கு அரை மில்லியாவது வருகிறதா என்று பார்த்துத்தான் கூட்டவும் குறைக்கவும் வேண்டும்.

விரல் துண்டானவர்கள் வருவார்கள். நாளைக்கு நீங்கள் ஏதோ ஒரு தாலுகா மருத்துவமனையில் இருக்கும்போது, ஆள் ஒரு கையிலும் விரல் இன்னொரு கையிலுமாக முதலில் உங்களிடம்தான் வருவார்கள். விரலைச் சலைனில் நனைத்த காஸில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வைக்க வேண்டும். நேராக ஐஸில் போட்டால் திசு உறைந்து கெடும். ஸ்பிரிட்டில் போட்டு ஊறுகாய் மாதிரி அனுப்பியதையும் பார்த்திருக்கிறேன். அனுப்பியவர் டாக்டர்தான்.

முகத்துக் காயங்களில் இரண்டு விஷயம் போதும். புருவத்தை மழிக்காதீர்கள். உதடு கிழிந்திருந்தால், மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன்னாலேயே சிவப்பும் தோலும் சேரும் கோட்டை மையால் குறித்துக்கொள்ளுங்கள். ஊசி போட்டதும் வீங்கிக் கோடு மறைந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் எதிரில் உட்கார்ந்து பேசுகிறவர் கண்ணுக்குத் தெரியும்.

குடல் சர்ஜனுக்கு இதெல்லாம் எதற்கு என்றால், ஜோசஃப் மர்ரேயைச் சொல்வேன். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் ராணுவ மருத்துவமனை ஒன்றில் வெந்துபோன சிப்பாய்களுக்கு வேறொருவர் தோலை வைத்துக் கட்டினார்கள். அங்கே இளம் டாக்டராக இருந்த மர்ரே, அந்தத் தோலை உடம்பு எப்போது, எப்படித் தள்ளிவிடுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். 1954 டிசம்பரில் பாஸ்டனில் உருவொத்த இரட்டையர் இருவரில் ஒருவர் சிறுநீரகத்தை மற்றவருக்கு வைத்து முதல் வெற்றிகரமான மாற்று அறுவை சிகிச்சையைச் செய்தது அவர் தலைமையிலான குழு. 1990இல் நோபல். கடைசி வரை அவர் பிளாஸ்டிக் சர்ஜன்தான்.

இனி உங்கள் விவசாயி. அவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரியோடு விட்டுவிட்டீர்கள். எனக்கு அவர்தான் முக்கியமான கேஸ்.

பால் பிராண்ட் என்ற சர்ஜன் 1946இல் வேலூருக்கு வந்தபோது, தொழுநோயில் விரல்கள் தாமாகவே அழுகி உதிர்கின்றன, அந்தச் சதை கெட்ட சதை, ஆறாது என்றுதான் டாக்டர்களே நம்பினார்கள். ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்று அவருக்குத் திறக்கவில்லை. நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கிச் சட்டென்று திருகித் திறந்துவிட்டான். பிராண்ட் அவன் கையைப் பார்த்தால், விரல் எலும்பு தெரியுமளவு கிழிந்து ரத்தம். பையனுக்குத் தெரியவே இல்லை. சதையில் குறையில்லை, வலி தெரியாததால் கை தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது என்பது அவருக்கு இப்படித்தான் பிடிபட்டது. பாதத்துப் புண்ணும் அதே கதை. வலிக்காததால் ஒரே இடத்தில் அழுத்தி அழுத்தி நடக்கிறார்கள். பாதத்தை அசைய விடாமல் மாவுக்கட்டில் வைத்தபோது, ஆறாது என்ற புண்கள் ஆறின.

உங்கள் விவசாயிக்கும் கால் மரத்துத்தான் இருக்கும். நீங்கள் எவ்வளவு சுத்தமாகக் கட்டினாலும், கட்டிய காலோடு கழிப்பறைக்கும் டீ வாங்கவும் அவர் நடந்துகொண்டிருந்தால் புண் மூடாது. பஞ்சு உருண்டையால் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள், கணுக்காலில் நாடி பாருங்கள். அப்புறம் கட்டிலுக்கு அடியில் இருக்கும் அவர் செருப்பை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். புண்ணுக்கு நேராகத் தேய்ந்திருக்கிறதா, அல்லது வேறு இடத்திலா? எழுதுங்கள். எப்போது வீட்டுக்கு அனுப்பலாம் என்ற அவர் கேள்விக்கு அதைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.