லேப்டாப் முதலாளியுடையது, நகைச்சுவை யாருடையது?

கேள்வி: சிங்கப்பூரில், துவாஸ் பகுதியில் ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன், எஸ் பாஸ் (வெளிநாட்டு ஊழியருக்கான வேலை அனுமதி). மதிய இடைவேளையில் ஆபீஸ் லேப்டாப்பில் நகைச்சுவை நாடகங்கள் எழுதுவேன். அதைப் பார்த்துவிட்ட மேலாளர், "இங்கே எழுதியது எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம்" என்கிறார். அதில் வரும் கஞ்ச மேலாளர் தன்னைப் போலவே இருக்கிறார் என்ற கோபம் வேறு. ஒரு நாடகக் குழு அவற்றுக்கு 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தருவதாகச் சொல்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, மேலாளர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். 2021 பதிப்புரிமைச் சட்டப்படி, வேலையின் ஒரு பகுதியாக ஊழியர் எழுதியதுதான் பொதுவாக முதலாளிக்குப் போகும், வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால் தவிர. உங்கள் வேலை கணக்கு பார்ப்பது, சிரிக்க வைப்பது அல்ல. லேப்டாப் அவர்களுடையது என்பதால் மட்டும் நாடகம் அவர்களுடையதாகிவிடாது. ஆனால் சில ஒப்பந்தங்களில் 'பணிக்காலத்தில் உருவாக்கும் அனைத்தும்' என்று ஒரு வரி ஒளிந்திருக்கும், அதைத் தேடிப் படித்துவிடுங்கள். தனிப்பட்ட உபயோகத்துக்குத் தடை இருந்தால் ஒழுங்கு நடவடிக்கை வரலாம், அது வேறு விஷயம். இனி வீட்டில், சொந்தக் கணினியில் எழுதுங்கள்.

எனக்குப் பயம் அதில் இல்லை, நீங்கள் கடைசியில் சாதாரணமாகச் சொன்ன அந்த 300 வெள்ளியில்தான். எஸ் பாஸில் இருப்பவர் அந்தப் பாஸில் உள்ள முதலாளிக்கு, அதில் உள்ள வேலையை மட்டுமே செய்யலாம். நேரம் கிடைக்கும்போது கூலிக்கு எழுதிக் கொடுப்பது சிங்கப்பூரருக்கும் நிரந்தரவாசிக்கும் முதலாளியோடு பேசித் தீர்க்கிற விஷயம், உங்களுக்கு அப்படி இல்லை. செல்லுபடியாகும் பாஸ் இல்லாமல் ஒரு வேலையைச் செய்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம், பாஸும் போகலாம். குழுவுக்கும் சிக்கல்தான். "காசு வேண்டாம், சும்மா கொடுக்கிறேன்" என்றால் தப்பிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். முதலில் மனிதவள அமைச்சிடம் எழுத்தில் கேளுங்கள், பதில் வரும்வரை எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். பொழுதுபோக்காக எழுதி அலமாரியில் வைப்பதை யாரும் தடுக்கப்போவதில்லை.

அப்புறம் அந்தக் கஞ்ச மேலாளர். பெயர் போடாவிட்டாலும் ஆபீஸில் எல்லோருக்கும் இன்னார் என்று தெரிந்து, அவர் செய்யாத திருட்டையோ மோசடியையோ அவர் தலையில் கட்டியிருந்தால் அவதூறு வழக்குக்கு இடம் உண்டு. வெறும் கஞ்சத்தனத்தைக் கிண்டலடித்ததற்கு யாரும் வழக்குப் போட்டு ஜெயிப்பது கஷ்டம், இருந்தாலும் பாத்திரத்தின் பெயரையும் ஊரையும் மாற்றிவிடுங்கள், மீசை இருந்தால் அதையும்.