மெல்பனில் "நீ எந்த டீம்?" என்று கேட்டால்

தம்பி, வணக்கம். மெல்பனுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது, டார்னீட்டில் வாடகை வீடு, மகன் இரண்டாம் வகுப்பு, மகளுக்கு நான்கு வயது என்று எழுதியிருந்தீர்கள். சனி ஞாயிறு வந்தால் கடைக்குப் போவது, சமைப்பது, ஊருக்கு வீடியோ கால் போடுவது என்றே கழிகிறது. வருடா வருடம் இங்கே நடக்கும் விழாக்களிலும் விளையாட்டுகளிலும் குடும்பத்தோடு எதற்குப் போகலாம், செலவு கையைக் கடிக்குமா என்று கேட்டிருந்தீர்கள். பள்ளியில் எல்லோரும் மகனிடம் "நீ எந்த டீம்?" என்று கேட்கிறார்கள், அவன் முழிக்கிறான் என்றும் சொல்லியிருந்தீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அவர்கள் கேட்பது ஃபுட்டி டீமை, அதாவது ஆஸ்திரேலியப் பாணிக் கால்பந்து டீமை. மெல்பனில் அது ஒருவரை விசாரிக்கும் முறை. உங்கள் அலுவலகத்திலும் திங்கட்கிழமை காலைப் பேச்சு அதில்தான் தொடங்கும். "நான் பார்ப்பதில்லை" என்று சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். எனவே நால்வரும் உட்கார்ந்து ஒரு டீமைப் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் மேற்குப் பக்கம் இருப்பதால் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் என்பேன். மேற்குப் புறநகரான ஃபுட்ஸ்க்ரேயில் பிறந்த கிளப். 1954இல் கோப்பை வாங்கியவர்கள் அடுத்த கோப்பைக்கு 2016 வரை காத்திருந்தார்கள். அத்தனை வருடமும் டீமை மாற்றாமல் இருந்த பெரியவர்கள் உங்கள் தெருப் பக்கத்திலேயே இருப்பார்கள், பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்.

ஆட்டம் முதலில் குழப்பமாகத்தான் தெரியும். பக்கத்துக்கு 18 பேர். நான்கு கம்பங்களில் நடுவில் உள்ள இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 6 புள்ளி, ஓரக் கம்பத்துக்கும் உயரக் கம்பத்துக்கும் இடையே போனால் 1 புள்ளி. 15 மீட்டருக்குக் குறையாமல் உதைத்து வரும் பந்தை, நடுவில் யார் கையும் படாமல் பிடித்தால் அது 'மார்க்'. பிடித்தவரை யாரும் தள்ளாமல் நிதானமாக உதைக்க விடவேண்டும். இவ்வளவு போதும், மீதியை மகன் பள்ளியிலிருந்து உங்களுக்குக் கற்றுக்கொண்டு வந்து சொல்வான். அவனைப் பக்கத்து மைதானத்தில் 'ஆஸ்கிக்' வகுப்பில் சேர்த்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்காகவே நடத்துவது, மற்ற பெற்றோரோடு உங்களுக்கும் பழக்கம் வரும்.

மார்ச்சில் பருவம் தொடங்கியதும் ஒரு முறையாவது எம்.சி.ஜி. என்ற மெல்பன் கிரிக்கெட் மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள், ஃபுட்டியும் அங்கேதான். ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் உட்காரும் இடம். ஆட்டம் தொடங்கும் முன் ரசிகர்கள் கிரேப் காகிதத்தில் செய்த பெரிய பதாகையைத் தூக்கிப் பிடிப்பார்கள். வீரர்கள் அதைக் கிழித்துக்கொண்டு ஓடி வருவார்கள். உங்கள் மகளுக்கு அது ஒன்றே போதும். எனக்கு மிகவும் பிடித்தது வேறு: இரண்டு டீம் ரசிகர்களும் கலந்தே உட்காருகிறார்கள். எதிர் டீம் துண்டு போட்ட பாட்டி ஒருவர் என் மகளுக்கு விதி சொல்லிக்கொடுத்து, எங்கள் டீம் கோல் போட்டதும் அவளோடு சேர்ந்தே கைதட்டினார். வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டு போகலாம். கண்ணாடி பாட்டிலும் மதுவும் கூடாது. எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் எடுத்துப் போனால் பாதிச் செலவு மிச்சம். டிக்கெட் எடுக்கும்போது மது இல்லாத பகுதி இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள், சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அதுதான் சரி.

செலவே வேண்டாம் என்றால் மூம்பா என்ற நகரத் திருவிழா. 1955 முதல் நடக்கிறது, மார்ச்சில் தொழிலாளர் தின நீண்ட வார இறுதியில். யாரா ஆற்றங்கரைக்கு வருவதற்குக் கட்டணம் கிடையாது, ராட்டினங்களுக்கு மட்டும் காசு. 'பேர்ட்மேன்' போட்டியைத் தவறவிடாதீர்கள்: வீட்டில் செய்த இறக்கைகளைக் கட்டிக்கொண்டு மேடையிலிருந்து பறக்க முயன்று, கிட்டத்தட்ட எல்லோருமே நேராக ஆற்றில் விழுவார்கள். கரையில் நிற்கும் பிள்ளைகள் ஒவ்வொரு விழுகைக்கும் கத்துகிற கத்தல் இருக்கிறதே! திங்கட்கிழமை ஸ்வான்ஸ்டன் தெருவில் ஊர்வலம். காரை எடுக்காதீர்கள், ரயிலில் போங்கள். நகர மையத்துக்குள் டிராம் இலவசம். மார்ச் வெயில் தோலைச் சுட்டுவிடும், தொப்பியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம். மாலையில் குளிரும், ஸ்வெட்டரும் பையில் இருக்கட்டும்.

செப்டம்பர் கடைசியில் பள்ளி விடுமுறையில் ராயல் மெல்பன் ஷோ என்ற வேளாண் கண்காட்சி வரும். ஆடு, மாடு, கோழி, கோடாரியால் மரம் வெட்டும் போட்டி எல்லாம் அருமை. ஆனால் மிட்டாயும் பொம்மையும் போட்டு 'ஷோபேக்' என்று பை பையாக விற்பார்கள், அங்கேதான் பணம் கரையும். ஆளுக்கு ஒன்று என்று கிளம்பும் முன்பே பேசி வையுங்கள். அதே சமயத்தில் ஃபுட்டி இறுதிப்போட்டியும் வரும். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை 2015 முதல் நம் விக்டோரியா மாநிலத்தில் அரசு விடுமுறை, வீரர்கள் ஊர்வலம் வருவார்கள். இறுதிப்போட்டி டிக்கெட் கிடைப்பது கஷ்டம், ஊர்வலத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஜனவரியில் ஆஸ்திரேலியன் ஓபன் டென்னிஸுக்குப் பெரிய அரங்க டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. 'கிரவுண்ட் பாஸ்' எடுத்தால் வெளிக் கோர்ட்டுகளில் ஆட்டக்காரர்களைப் பக்கத்திலிருந்தே பார்க்கலாம். டிசம்பர் 26இல் தொடங்கும் பாக்ஸிங் டே டெஸ்டைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நவம்பர் முதல் செவ்வாயில் வரும் மெல்பன் கோப்பை குதிரைப் பந்தயத்தை மட்டும் பிள்ளைகளோடு போக நான் சொல்லமாட்டேன். குடியும் சூதாட்டமும் அதிகம். அந்த விடுமுறையில் கடற்கரைக்குப் போங்கள்.

எல்லாவற்றுக்கும் ஓடவேண்டாம். இரண்டு மூன்றைப் பிடித்து, அவற்றுக்கே ஒவ்வொரு வருடமும் போங்கள். முதல் வருடம் வேடிக்கை பார்ப்பீர்கள். மூன்றாம் வருடம் "போன தடவை நின்ற இடத்திலேயே நிற்போம்" என்று பிள்ளைகள் உங்களை இழுத்துக்கொண்டு போவார்கள். சங்கத்துப் பொங்கலையும் கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலையும் விட்டுவிடச் சொல்லவில்லை. அங்கே ஒரு முறை பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூட்டிப் போங்கள்.

கடைசியாக, ஈஸ்டருக்குப் பெண்டிகோ என்ற வெளியூர். மருத்துவமனைக்கும் ஆதரவற்றோர் இல்லத்துக்கும் நிதி திரட்ட 1871இல் தொடங்கிய விழா. தங்கம் தேடி வந்த சீனர்கள் அதில் சேர்ந்துகொண்டார்கள். இன்று அந்த ஊர்வலத்தின் உச்சமே அவர்களுடைய டிராகன்தான். 'டாய் கம் லூங்' என்ற இப்போதைய டிராகன் நூறு மீட்டருக்கு மேல் நீளம், கீழே வரிசையாக ஆட்கள் சுமந்துகொண்டு வளைந்து வளைந்து வருவார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்தது ஒரு ஊரின் விழாவாகவே ஆகியிருப்பதை உங்கள் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். மெல்பன் சதர்ன் கிராஸ் நிலையத்திலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். 2023 முதல் வெளியூர் ரயிலுக்கும் நகரத்தின் ஒரு நாள் கட்டணம்தான் உச்சவரம்பு, போய்விட்டு அன்றே திரும்பலாம். பட்டாசு வெடிப்பார்கள், மகளுக்குச் சத்தம் பயம் என்றால் காதை மூட ஏதாவது எடுத்துப் போங்கள்.