மூன்று படத்திலும் சாகிறவர்

கேள்வி: இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனேயின் முதல் மூன்று கௌபாய் படங்களிலும் மாரியோ ப்ரேகா என்ற குண்டு அடியாள் வந்து, மூன்றிலும் செத்துப்போகிறார். பேசுவதும் கொஞ்சம். இவரையெல்லாம் நடிகர் என்று ஏன் தூக்கிப் பிடிக்கிறீர்கள்?

பதில்: சாவைக் கணக்கெடுத்த நீங்கள், அதற்கு முன்னால் நடப்பதைக் கோட்டை விட்டுவிட்டீர்கள். 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' (1966) கைதி முகாம் காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள். அலறல் கேட்காமலிருக்க வெளியே கைதிகளின் வாத்தியக் குழு வாசிக்கிறது. உள்ளே ப்ரேகா கட்டைவிரல்களை நடிகர் எலி வாலக்கின் கண்களில் வைத்து அழுத்துகிறார். கோபமே இல்லாமல், தினப்படி வேலை போல. நடிக்க வருமுன் அவர் கசாப்புக்காரர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

அந்த முகம் எடுபட்டதற்கு பிலிமும் காரணம். வழக்கமான 35 மி.மீ. பிரேமின் உயரம், பிலிம் ஓரத்துத் துளைகளில் கணக்கிட்டால், நான்கு துளை. லியோனே படமெடுத்த டெக்னிஸ்கோப் முறையில் இரண்டே துளை. பிலிம் செலவு பாதி. படம்பிடிக்க, காட்சியைப் பக்கவாட்டில் சுருக்கிப் பதிக்கும் அனமார்பிக் லென்ஸ் வேண்டாம் என்பதால் கேமராவை மூக்குக்கு அருகே கொண்டுபோகலாம். பிரேம் சிறியதாகையால் திரையில் கிரெய்ன், அதாவது பிலிமின் புள்ளிப்புள்ளியான சொரசொரப்பு, கூடும். வியர்வையும் தாடி முள்ளுமாக வரும் ஆளுக்கு அதுவே மேக்கப்.

வசனம் குறைவு என்கிறீர்கள். அங்கே வசனத்தை வைத்து யாரையும் எடைபோட முடியாது, ஐயா. ஸ்பாட்டில் கதாநாயகன் ஈஸ்ட்வுட் போன்ற அமெரிக்கர்கள் ஆங்கிலம் பேசுவார்கள், மற்றவர்கள் பெரும்பாலும் இத்தாலியனோ ஸ்பானிஷோ பேசுவார்கள். குரலெல்லாம் பிற்பாடு டப்பிங்கில்தான். நீங்கள் கேட்டது ப்ரேகாவின் குரலே அல்ல. மூன்றில் முதலாவதான 1964 படத்தில் பெயர்கூட அவருடையதல்ல: டைட்டிலில் 'ரிச்சர்ட் ஸ்டைவெசன்ட்'. அமெரிக்கப் படமென்று ஜனங்கள் நம்ப வேண்டுமே! லியோனேயே 'பாப் ராபர்ட்சன்' என்றுதான் போட்டுக்கொண்டார்.

சொந்தக் குரலுக்கு மவுசு வந்தது 55 வயதுக்கு மேல். இத்தாலிய இயக்குநர் கார்லோ வெர்தோனே 1980, 81, 82 என்று வரிசையாக மூன்று நகைச்சுவைப் படங்களில் அவரைப் பச்சை ரோமாபுரிக் கொச்சையில் பேசவிட்டார். இரண்டாவதில் லாரி டிரைவராக வந்து ஒரு பாட்டிக்கு ஊசி போட்டுவிட்டு, இந்தக் கை இரும்பாகவும் இருக்கும், இறகாகவும் இருக்கும் என்கிறார். இத்தாலியில் அது இன்றைக்கும் புழங்குகிற வசனம்.

மூன்றாவது படம் 'போரோதால்கோ'விலிருந்து ஆரம்பியுங்கள். மளிகைக் கடைக்கார மாமனாராக, வருங்கால மருமகன் வாயில் ஆலிவ் காய்களைத் திணிக்கிற இடம் இருக்கிறது. இத்தாலிய ஒலியும் சப்டைட்டிலுமாகப் பாருங்கள். டப்பிங்கில் பார்த்தால் திரும்பவும் இதே கேள்வியை அனுப்புவீர்கள்.