யாருடைய பட்டியல், எந்த நூற்றாண்டு? வேதாகமத் தொகுப்பு: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், கி.பி. 325-இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்தைப் பற்றியவை. அவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரே பதில் நடுவில் இருக்கிறது.

கேள்வி: கத்தோலிக்கர் விவிலியத்தில் 73 நூல்கள். எங்கள் புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் 66. கூட்டியது யார், குறைத்தது யார்? (நாகர்கோவில்)

பதில்: கூட்டல், குறைத்தல் என்ற பேச்சே சண்டைக்காலத்துப் பேச்சு. தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு ஆகிய ஏழும் கிரேக்கம் பேசிய யூதர்களிடையே புழங்கியவை. தொடக்கச் சபை பழைய ஏற்பாட்டைப் பெரும்பாலும் கிரேக்கத்தில்தான் வாசித்தது. அப்படியே இவையும் சேர்ந்து வந்தன. கி.பி. 400-ஐ ஒட்டி எபிரேயத்திலிருந்து லத்தீனுக்கு மொழிபெயர்த்த ஜெரோம் இவற்றைத் தனியே நிறுத்த விரும்பினார். சபைகள் வாசித்து வருவதை விட முடியாது என்றார் அகஸ்டின். அந்த வழக்கு அன்றோடு தீரவில்லை. 1534-இல் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் இவற்றை இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவில் வைத்து, வேதத்துக்குச் சமமல்ல, ஆனாலும் வாசிக்கப் பயனுள்ளவை என்று தலைப்பிட்டார். 1546-இல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் இவை வேதமே என்று அறுதியிட்டது.

சீர்திருத்தச் சபையார் இவற்றைத் தொட்டதே இல்லை என்று எழுதுபவர்கள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1611-இன் ஆங்கில வேதாகமத்தில் இவை இருந்தன. தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷனரி சூல்ட்சே 1728-இல் இவற்றைத் தமிழிலேயே அச்சிட்டார். லண்டன் வேதாகமச் சங்கம் இவை சேர்ந்த பதிப்புகளுக்குப் பணம் தருவதை நிறுத்தியது 1826-ஐ ஒட்டித்தான். நம் ஊரில் ஒரு சாரார் 'தள்ளுபடி ஆகமங்கள்' என்கிறார்கள். 1995-இன் பொது மொழிபெயர்ப்பு 'இணைத்திருமுறை நூல்கள்' என்கிறது. பெயரிலேயே தீர்ப்பு இருப்பதால் எந்தப் பெயரைச் சொல்கிறோம் என்று தெரிந்து சொல்லுங்கள். எப்போதும் சொல்வதுதான்: எந்தச் சபையின் பட்டியல் என்று சொல்லாமல் எண்ணிக்கை சொல்லாதீர்கள்.

கேள்வி: பழைய ஏற்பாட்டில் நமக்கு 39, யூதர்களுக்கு 24 நூல்கள்தானாம். மீதி 15 எங்கே போயின? (தூத்துக்குடி)

பதில்: எங்கும் போகவில்லை. சாமுவேல், இராஜாக்கள், நாளாகமம் மூன்றும் அவர்களுக்கு ஒவ்வொரு நூல். எஸ்றாவும் நெகேமியாவும் சேர்ந்து ஒன்று. ஓசியா முதல் மல்கியா வரை பன்னிருவரும் ஒன்று. கழித்துப் பாருங்கள், 39 என்பது 24 ஆகும். கடிதம் எழுதுமுன் இந்தக் கணக்கைப் போட்டிருக்கலாம்.

கேள்வி: கி.பி. 325-இல் நிசேயாவில் கான்ஸ்டன்டைன் பேரரசர் வாக்கெடுப்பு நடத்தி, நான்கு நற்செய்திகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எரித்துவிட்டார் என்று ஒரு காணொளியில் பார்த்தோம். உண்மையா? (மதுரை, சேலம், யாழ்ப்பாணம், இன்னும் பலர்)

பதில்: இல்லை. இருபது வருடமாக இதையே சொல்லி வருகிறேன். இந்த முறை விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

நிசேயா இன்றைய துருக்கியில் உள்ள இஸ்னிக். அங்கே ஆயர்கள் கூடியது, இறைமகன் படைக்கப்பட்டவர் என்ற ஆரியுஸின் போதனையை விசாரிக்க. உயிர்ப்புப் பெருவிழாவின் தேதி, எகிப்துச் சபையில் விழுந்திருந்த பிளவு ஆகியவற்றையும் பேசினார்கள். 20 விதிகள் போட்டார்கள். அவற்றில் ஒன்றுகூட வேத நூல்களின் பட்டியலைப் பற்றியதல்ல. குழப்பத்துக்கு ஒரு காரணம் சொல்லிலேயே இருக்கிறது. அளவுகோலான நாணலைக் குறித்த 'கேனன்' என்ற கிரேக்கச் சொல் சங்கத்தின் விதியையும் குறிக்கும், வேத நூல்களின் பட்டியலையும் குறிக்கும். 'நிசேயா கேனன்களை வகுத்தது' என்று படித்த யாரோ பட்டியல் என்று எடுத்துக்கொண்டார்கள்.

நூல்களையெல்லாம் பீடத்தருகே குவித்து ஜெபித்தார்கள், உண்மையானவை மேலே வந்தன என்ற கதை, சங்கம் முடிந்து 500 ஆண்டுகளுக்கு மேல் கழித்து எழுதப்பட்ட ஒரு கிரேக்கத் தொகுப்பில்தான் தலைகாட்டுகிறது. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேர் அதை ஊரறியச் செய்தார். எரித்த கதைக்கும் ஒரு வேர் உண்டு. கான்ஸ்டன்டைன் எரிக்கச் சொன்னது ஆரியுஸின் எழுத்துகளை. நற்செய்தி நூல் எதையும் அவர் எரிக்கச் சொன்னதற்குச் சான்று இல்லை.

நான்கு நற்செய்திகள் என்ற எண்ணிக்கை நிசேயாவுக்குச் சுமார் 150 ஆண்டுகள் மூத்தது. கி.பி. 180 வாக்கில் லியோன் நகர ஆயர் இரேனியுஸ், நான்குக்குக் கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்று எழுதிவிட்டார். மறுபக்கம், நிசேயா காலத்திலும் அதற்குப் பிறகும் பட்டியல் முடியவில்லை. நிசேயாவில் அமர்ந்திருந்த ஆயர் யூசேபியுஸ், அந்தக் காலத்தை ஒட்டி எழுதி முடித்த தம் சபை வரலாற்றில் யாக்கோபு, யூதா, இரண்டாம் பேதுரு, யோவானின் இரண்டாம், மூன்றாம் நிருபங்களைச் 'சர்ச்சைக்குரியவை' என்று தனியே வைத்தார். சுமார் 331-இல் கான்ஸ்டன்டைன் அவரிடம் 50 வேதாகமப் பிரதிகள் கேட்டார். அந்தக் கடிதம் கிடைத்திருக்கிறது, அதில் தோலின் தரமும் எழுத்தின் தெளிவும் பேசப்படுகின்றன, நூல்களின் பட்டியல் இல்லை. புதிய ஏற்பாட்டின் இன்றைய 27 நூல்களையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லும் முதல் பட்டியல், அலெக்சாந்திரிய ஆயர் அத்தனாசியுஸ் 367-இல் எழுதிய விழா மடல். அவரும் நிசேயாவுக்குப் போனவர்தான். ஆனால் கைமாறி வந்தவை என்றே அந்த நூல்களைச் சொல்கிறார். அவர் காலத்து நசியான்சு கிரகோரியின் பட்டியலிலோ வெளிப்படுத்தல் இல்லவே இல்லை. நிசேயா முடிவு செய்திருந்தால் கிரகோரி அதை விட்டிருப்பாரா?

நிசேயா யூதித்து நூலை வேதத்தில் எண்ணியதாக ஜெரோம் ஒரு வரி எழுதியிருக்கிறார் என்று சேலம் வாசகர் எடுத்துக்காட்டுகிறார். உண்மை, நன்றாகப் படித்திருக்கிறார். ஆனால் அந்த 20 விதிகளில் அதற்குச் சுவடு இல்லை. இருந்தாலும் அது ஒரு நூலைப் பற்றிய செய்தி. அதை வைத்து முழுப் பட்டியலையும் எழுப்ப முடியாது.

நூல்களை ஊர் ஊராக, ஞாயிறு ஞாயிறாக வாசித்தவர்கள் பெயர் தெரியாத விசுவாசிகள். அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்ததை ஓர் அரசனின் ஒரு நாள் வேலையாக்குவது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

கேள்வி: கி.பி. 90-இல் யூத ரபிகள் கூடிய யாம்னியா சங்கம் எபிரேய வேதத்தை மூடியது என்று இறையியல் வகுப்பில் படித்தோமே? (பாளையங்கோட்டை)

பதில்: அது 1871-இல் கிரேட்ஸ் என்ற அறிஞர் முன்வைத்த ஊகம். ரபிகளின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இருப்பது, பிரசங்கியும் உன்னதப்பாட்டும் 'கைகளைத் தீட்டுப்படுத்துமா' என்ற விவாதம். தீட்டுப்படுத்தும் என்றால் புனிதமானது என்று பொருள். ஏற்கெனவே கையில் இருந்த நூல்களைப் பற்றித்தான் ரபிகள் வாதாடினார்கள். 1960-களுக்குப் பிறகு இந்தச் 'சங்கத்தை' நம்புபவர் குறைவு. பழைய குறிப்பேட்டைத் திருத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: தோமா நற்செய்தியை மறைத்துவிட்டார்களாமே? பரங்கிமலைத் தோமாவைப் பற்றி அதில் என்ன இருக்கிறது? (சென்னை)

பதில்: ஒன்றும் இல்லை. 1945-இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கோப்டிக் மொழியில் முழுமையாகக் கிடைத்த அந்த நூல் 114 வாக்குகளின் தொகுப்பு. இந்தியா வருவது 'தோமா பணிகள்' என்ற வேறு நூலில். அது 3-ஆம் நூற்றாண்டுச் சிரியப் படைப்பு. இரண்டையும் கலக்காதீர்கள்.

நூல்கள் எப்படி விலக்கப்பட்டன என்பதற்கு நல்ல உதாரணம் பேதுருவின் நற்செய்தி. கி.பி. 200-ஐ ஒட்டி அந்தியோக்கு ஆயர் செராப்பியோன், ரோசுஸ் ஊரார் அதை வாசிக்க முதலில் சம்மதித்தார். பிறகு தாமே முழுவதும் படித்துப் பார்த்து, பெரும்பகுதி சரி, சில இடங்கள் பிழை என்று விளக்கம் எழுதி அனுப்பினார்.

கேள்வி: சிரிய மொழி வேதாகமத்தில் வெளிப்படுத்தல் இல்லை என்பது சரியா? (கோவை)

பதில்: சரி. பழைய சிரிய மொழிபெயர்ப்பான பெஷித்தாவின் புதிய ஏற்பாட்டில் 22 நூல்கள். இரண்டாம் பேதுரு, யோவான் 2, 3, யூதா, வெளிப்படுத்தல் இல்லை. கேரளச் சிரியக் கிறிஸ்தவர்கள் அதைத்தான் வைத்திருந்தார்கள். 1599-இல் உதயம்பேரூர் சங்கத்தில் போர்த்துகீசியர் இவற்றைச் சேர்க்கக் கட்டளையிட்டார்கள்.

கேள்வி: ஏனோக்கு நூல் வேதமா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லவும். (திருச்சி)

பதில்: யாருக்கு? எத்தியோப்பியச் சபைக்கு வேதம், அவர்கள் 81 நூல்கள் எண்ணுகிறார்கள். யூதாவின் நிருபம் 14-ஆம் வசனம் அதை மேற்கோள் காட்டுகிறது. மற்றப் பெரும்பாலான சபைகளுக்கு இல்லை. மறுபடியும் சொல்கிறேன், எந்தச் சபை என்று சொல்லாமல் கேட்காதீர்கள்.

கேள்வி: இதையெல்லாம் படிக்க எங்கே தொடங்குவது? (திண்டுக்கல்)

பதில்: சீராக்கின் ஞான நூலின் முன்னுரையில். கி.மு. 132-ஐ ஒட்டி எகிப்துக்கு வந்த பேரன், தாத்தாவின் நூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தபோது எழுதியது. சிறியதுதான். திருச்சட்டம், இறைவாக்குகள், 'மற்ற நூல்கள்' என்று மூன்று முறை சொல்கிறார். முதல் இரண்டுக்கும் பெயர் நிலைத்துவிட்டது. மூன்றாவதற்கு அவரிடம் இன்னும் பெயர் இல்லை.