கட்டாக்காலி மாடுகள்: சபை கருத்துக் கேட்ட திகதி முடிந்துவிட்டால்?

கேள்வி: ஐயா, நான் கிளிநொச்சி மாவட்டத்தில் ஏ9 வீதியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்தவன். பட்டியில் முப்பது மாடு வரை நிற்கிறது. கட்டாக்காலி மாடுகளைக் கட்டுப்படுத்த எங்கள் பிரதேச சபை துணைவிதி, அதாவது தன் எல்லைக்குள் செல்லும் சட்டவிதி, கொண்டுவரப் போகிறதாம். பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று சபையின் அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்தார்கள். நான் கண்டபோது திகதி முடிந்து மூன்று நாள். வரைவைக் கேட்டால், அங்கீகாரம் கிடைத்த பிறகுதான் தரலாம் என்கிறார்கள். பிடித்துக் கட்டிய மாட்டை மீட்க, தலைக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று பெருந்தொகை கட்ட வேண்டிவரும் என்று பேச்சு. காலபோகத்துக்கு வயல் எல்லாம் விதைத்துவிட்டால் மாட்டை எங்கே சாய்ப்பது? காட்டுப் பக்கம் போனால் எல்லைக்கல் நட்டு மறித்திருக்கிறார்கள். இனிமேல் கருத்துச் சொன்னால் செல்லுமா? சொல்லித்தான் என்ன நடக்கும்?

பதில்: தாராளமாகச் சொல்லலாம். பலகையில் இருந்த திகதி சபை தன் வசதிக்கு வைத்தது. அதற்குப் பிறகு வந்த கடிதத்தைப் பார்க்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் சபையைத் தடுக்கவில்லை. இதைவிட முக்கியமான விசயம், சபை கைதூக்கியதும் துணைவிதி பிறந்துவிடுவதில்லை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டப்படி, சபையின் தீர்மானத்துக்குப் பிறகு மேலிடத்து அங்கீகாரம் வேண்டும். அந்த அங்கீகாரம் வர்த்தமானியிலும் வெளிவர வேண்டும். அதுவரை அந்தத் துணைவிதியைக் காட்டி உங்களிடம் ஒரு சதம்கூடக் கேட்க முடியாது.

அங்கீகாரம் கொடுக்க வேண்டியவர் மாகாணத்தின் உள்ளூராட்சி அமைச்சர். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்ததோடு அமைச்சர்கள் இல்லை. அந்த வேலை ஆளுநரிடம் போயிருக்கிறது. உள்ளூராட்சித் திணைக்களம் பரிசீலித்துத்தான் கோப்பு அங்கே போகும். ஆகவே உங்கள் கடிதத்தைச் சபைச் செயலாளருக்கு எழுதி, பிரதிகளை மாவட்ட உதவி உள்ளூராட்சி ஆணையாளருக்கும் ஆளுநர் செயலகத்துக்கும் அனுப்புங்கள். எங்கள் ஆட்கள் பலர் தவிசாளரை வழியில் மறித்துச் சொல்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். அவர் தலையாட்டுவார். ஆனால் கோப்பில் அந்தத் தலையாட்டல் இருக்காது. பதிவுத் தபாலில் போடுங்கள். அல்லது நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் சபையின் முத்திரையும் திகதியும் வாங்குங்கள்.

வரைவைத் தர மாட்டோம் என்பது சரியில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், சபையின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் கொடுங்கள். வரைவின் பிரதி, அது பேசப்பட்ட அமர்வின் கூட்டறிக்கை, பொதுமக்களிடமிருந்து வந்த கருத்துகள் மூன்றையும் கேளுங்கள். ஏன் வேண்டும் என்று நீங்கள் விளக்கத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால், இதே சட்டப்படி மேன்முறையீடுகளைக் கேட்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதன்பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. வரைவு வரும்வரை கருத்துக் கடிதத்தைப் பிற்போட வேண்டாம். முதலில் ஒன்றைப் போடுங்கள், வரைவைப் பார்த்தபின் இன்னொன்று எழுதலாம். இன்னொன்றையும் விசாரியுங்கள்: இது சபை தானே எழுதிய வரைவா, இல்லை பல சபைகளுக்கும் பொதுவாக ஏற்கெனவே எழுதிவைத்த நியமத் துணைவிதியை ஏற்றுக்கொள்ளப் போகிறார்களா? அப்படியே ஏற்பதென்றால் வாசகத்தைத் திருத்தும் வாய்ப்புக் குறைவு. அப்போது ஏற்க வேண்டாம், அல்லது எங்கள் பிரதேசத்துக்கெனத் தனியாகச் செய்யுங்கள் என்றுதான் வாதிட வேண்டும்.

சரி, என்ன எழுதுவது? "ஏழைகள் பாதிக்கப்படுகிறோம், துணைவிதி வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் அதை வாசித்துக் கோப்பில் குத்திவிட்டுப் போய்விடுவார்கள். வீதியில் திரியும் மாட்டைப் பிடித்துக் கட்டும் அதிகாரம் சபைக்குச் சட்டத்தில் ஏற்கெனவே உண்டு. இரவில் ஏ9 இல் படுத்திருக்கும் மாட்டில் மோட்டார் சைக்கிளோடு மோதுகிறவனுக்கும், விதைத்த வயலை ஒரே இரவில் இழக்கிற கமக்காரனுக்கும் நியாயம் உண்டு. பயிருக்கு வந்த சேதத்துக்கு 1876 ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் கட்டளைச்சட்டத்தின் கீழும் உங்களிடம் நட்டஈடு கேட்டு வரலாம். எனவே எதிர்ப்பைவிடத் திருத்தம் கேட்பதே பலன் தரும். வரைவின் பந்தி இலக்கத்தைப் போட்டு, அதற்குப் பதிலாக இருக்க வேண்டிய வசனத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். உதாரணத்துக்கு:

"பிடிக்கப்பட்ட மாட்டின் காதுப்பட்டி இலக்கத்தையோ குறியையோ கொண்டு உரிமையாளரை அடையாளம் காண முடியுமாயின், 24 மணித்தியாலத்துக்குள் அவருக்குத் தொலைபேசியிலோ கிராம அலுவலர் ஊடாகவோ அறிவிக்க வேண்டும். அறிவிக்காத நாட்களுக்குப் பராமரிப்புக் கட்டணம் அறவிடலாகாது."

இப்படி ஒரு வசனத்தை மறுப்பது திணைக்களத்துக்குக் கஷ்டம். கட்டிவைத்த இடத்தில் தண்ணீர், தீவனம், கன்றைத் தாயிடமிருந்து பிரிக்காமை, கையில் பற்றுச்சீட்டு ஆகியவற்றையும் இதே மாதிரிக் கேளுங்கள். மாட்டைப் பராமரித்ததற்கு அறவிடும் கட்டணம் எது, குற்றத்துக்கான தண்டம் எது என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். குற்றவாளி என்று ஒருவரைத் தண்டிப்பது நீதவானின் வேலை, சபையின் வேலை இல்லை.

மேய்ச்சல் தரைக்கு இந்தக் கடிதத்தில் ஒரு பந்தி போதும். ஏனென்றால் அரச காணி சபையின் கையில் இல்லை. அதைப் பிரதேச செயலாளருக்குத் தனியாக எழுதி, பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவின் நிகழ்ச்சி நிரலில் போடச் சொல்ல வேண்டும். எல்லைக்கல் பற்றிய முறைப்பாடும் அங்கேதான். ஊரில் கால்நடை வளர்ப்போர் சங்கம் இருந்தால் அதன் கடிதத்தாளில் எழுதுங்கள். கமக்காரர் அமைப்பும் சேர்ந்து கையொப்பமிட்டால் இன்னும் நல்லது. மாட்டுக்காரரும் வயல்காரரும் ஒரே தாளில் நிற்பது அபூர்வம் என்பதாலேயே அது கவனிக்கப்படும். சபைக் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊரவரைச் சேர்க்கவும் சட்டம் இடமளிக்கிறது. 2025 மே தேர்தலுக்குப் பிறகு வந்த சபைதானே, உங்கள் வட்டார உறுப்பினரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள்.

எல்லாம் செய்தும் உங்கள் கருத்தைத் தள்ளிவிட்டால்? கருத்தைக் கேட்டதால் அதை ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் சபைக்கு இல்லை. அதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை ஊட்ட எனக்கு விருப்பமில்லை. ஆனால் சட்டம் கொடுத்த அதிகாரத்துக்கு மேலே போய்த் துணைவிதி செய்திருந்தால், அதை நீக்கும்படி மாகாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை (நீதிமன்றம் அரச அமைப்புக்கு இடும் கட்டளை) கேட்டு மனுச் செய்யலாம். அடிப்படை உரிமை மீறல் என்றால் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும், அந்தக் காலத்தைத் தவறவிடாதீர்கள். இரண்டுக்கும் வழக்குச் செலவு உண்டு. முத்திரை குத்திய அந்தக் கடிதப் பிரதியையும் தபால் பற்றுச்சீட்டையும் பத்திரமாக வைத்திருங்கள். சட்டத்தரணி முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.