ஒரு நாட்டிடம் நீர்மூழ்கிக் கப்பலையும் இன்னொரு நாட்டிடம் டார்பிடோவையும் வாங்கிப் பொருத்திக்கொள்ள முடியாதா?

முடியும். ஆனால் அதற்கான வழியைக் கப்பல் ஒப்பந்தம் போடும் நாளிலேயே செய்து வைத்திருக்க வேண்டும். பிரெஞ்சு வடிவமைப்பில் மும்பையில் கட்டிய நம் நீர்மூழ்கி கல்வரி, தனக்கென்று தேர்ந்தெடுத்த டார்பிடோ (நீருக்கடியில் பாய்ந்து போய்க் கப்பலைத் தாக்கும் ஆயுதம்) இல்லாமலே கடற்படையில் சேர்ந்தது ஏன், நம்மிடம் இருக்கிற ரஷ்ய டார்பிடோவை அதில் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருடமாக நான் மனம் வெந்து பின்தொடரும் விஷயம் இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விசாகப்பட்டினம் கடற்கரையில் குர்சுரா என்ற பழைய சோவியத் நீர்மூழ்கியை அருங்காட்சியகமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 1969ல் சேர்ந்து 2001ல் ஓய்வு பெற்ற கப்பல். குனிந்து குனிந்து உள்ளே போய் டார்பிடோ குழாயின் வட்டக் கதவு முன்னால் நின்றபோது, கையை வைத்து முழம் போட்டுப் பார்த்தேன். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் அதிகம் வந்தது. கணக்காகச் சொன்னால் 533 மில்லிமீட்டர். ரஷ்யா, ஜெர்மனி, பிரான்ஸ், அமெரிக்கா எல்லாருடைய கனரக டார்பிடோவுக்கும் பெரும்பாலும் இதே அளவுதான். அளவு ஒன்றாக இருப்பதால்தான் உங்களுக்கு வந்த கேள்வி அன்றைக்கு எனக்கும் வந்தது.

குழாய்க்குள் நுழைந்துவிட்டால் மட்டும் வேலை நடக்காது. கிளம்புவதற்கு முன்பு இலக்கு எந்தத் திசை, எந்த ஆழம், என்ன வேகம் என்று கப்பலின் கணினி டார்பிடோவுக்குச் சொல்ல வேண்டும். கிளம்பிய பிறகும் மெல்லிய கம்பி ஒன்று பின்னாலேயே பிரிந்துகொண்டு போகும். அதன் வழியாகத்தான் பல கிலோமீட்டர் தூரம் அதைத் திருப்பி ஓட்டுகிறார்கள். இணைப்பு முனை, மின்னழுத்தம், தகவல் மொழி, நீளம், வெளியே தள்ளும் முறை, பேட்டரி சூடேறினால் என்ன செய்வது என்ற பாதுகாப்பு ஏற்பாடு, எல்லாமே ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். அந்தக் கணினியின் மென்பொருள் கப்பலை வடிவமைத்தவரின் சொத்து. ரஷ்ய டார்பிடோவைப் பிரெஞ்சுக் கணினியோடு சேர்க்க வேண்டுமானால், ஒருவர் ரகசியத்தை இன்னொருவர் முன்னால் விரித்து வைக்க வேண்டும். எந்த நாடு சம்மதிக்கும்? பிரமோஸ் ஏவுகணையை ஏன் போடவில்லை என்றும் சிலர் கேட்கிறார்கள். அதன் உடலே 533ஐ விடப் பருமன். அதற்கு மேல்நோக்கிய தனிக் குழாய்கள் வேண்டும், அதாவது கப்பலையே வேறு மாதிரி கட்ட வேண்டும்.

இந்த இணைப்பு பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு 1982 ஃபாக்லாந்து போர் சாட்சி. அர்ஜென்டினாவின் சான் லூயிஸ், ஜெர்மன் நீர்மூழ்கி, ஜெர்மன் டார்பிடோ. அப்படியிருந்தும் இலக்கைக் கணக்கிடும் கணினி பழுதாகி, கையால் கணக்குப் போட்டுத்தான் குறி வைத்தார்கள். வழிகாட்டும் கம்பி அறுந்தது. பிரிட்டிஷ் கப்பல்களை நெருங்கிச் சுட்டும் ஒன்றுகூட மூழ்கவில்லை. ஒரே நாட்டுச் சரக்குக்கே இந்தக் கதி.

சரி, கல்வரிக்கு வருவோம். 2005ல் ஆறு ஸ்கார்பீன் நீர்மூழ்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டோம்; கல்வரி வகையின் பிரெஞ்சுப் பெயர்தான் ஸ்கார்பீன். கப்பலைத் தாக்கும் எக்ஸோசெட் ஏவுகணை அதோடு வந்தது. டார்பிடோவை மட்டும் தனிக் கொள்முதலாக விட்டுவிட்டார்கள். முதல் தப்பு அங்கேதான் என்பேன். பிறகு இத்தாலியின் பிளாக் ஷார்க் டார்பிடோ தேர்வானது, மொத்தம் 98. அதைச் செய்த நிறுவனம் ஃபின்மெக்கானிகா குழுமத்தைச் சேர்ந்தது. அதே குழுமத்தின் அகஸ்டாவெஸ்ட்லேண்ட் ஹெலிகாப்டர் பேரத்தில் லஞ்சப் புகார் கிளம்பி, 2014 ஜனவரி முதல் தேதி அந்த ஒப்பந்தம் ரத்தானது. ஹெலிகாப்டருக்கும் டார்பிடோவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் எந்த அமைச்சர் அந்தக் குழுமத்தோடு அடுத்த கையெழுத்தைப் போடுவார்? 2016ல் டார்பிடோ கொள்முதலும் கைவிடப்பட்டது. 2017 டிசம்பர் 14 அன்று கல்வரி கடற்படையில் சேர்ந்தபோது, 1980களின் ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்காக வாங்கிய பழைய எஸ்.யு.டி. டார்பிடோக்களை நம்பித்தான் இருக்க வேண்டியிருந்தது.

அந்த ஜெர்மன் கப்பல்களின் கதையும் இதே கதைதான். 1981ல் எச்.டி.டபிள்யூ. நிறுவனத்திடம் நான்கு வாங்கினோம். இரண்டு கீல் நகரத்தில் கட்டியவை, இரண்டு மும்பையில். 1987ல் இந்த பேரத்தில் 7 சதவீத கமிஷன் விவகாரம் வெடித்தது. கூடுதலாக இரண்டு கட்டும் திட்டம் நின்றது. 1994ல் அவற்றில் கடைசியான சங்குல் சேர்ந்த பிறகு மும்பைத் தளத்தில் நீர்மூழ்கி கட்டும் வேலை பல வருடம் இல்லை. அழுத்தம் தாங்கும் உடலுக்கு வெல்டிங் பழகிய கைகள் வேறு வேலைக்குப் போய்விட்டன. லஞ்சம் வாங்கியவனைப் பிடிக்க வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் தண்டனையைக் கடலுக்கடியில் இருக்கும் மாலுமி சுமக்கக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அரசியல் எங்கிருந்து வந்து குறுக்கே நிற்கும் என்று சொல்லவே முடியாது. தாய்லாந்து 2017ல் சீனாவிடம் ஒரு நீர்மூழ்கிக்கு ஒப்பந்தம் போட்டது. அதில் வைக்க வேண்டியது ஜெர்மன் டீசல் இன்ஜின். சீனாவுக்கு எதிரான ஐரோப்பிய ஆயுதத் தடையைக் காட்டி ஜெர்மனி தர மறுத்துவிட்டது. விற்பவரும் வாங்குபவரும் தயார், மூன்றாவது நாடு ஒன்று உதிரியைப் பிடித்து வைத்துக்கொண்டது. கடைசியில் சீன இன்ஜினுக்கே தாய்லாந்து ஒப்புக்கொண்டது. ஆஸ்திரேலியா வேறு விதம். அவர்களுடைய காலின்ஸ் வகை நீர்மூழ்கி ஸ்வீடன் வடிவமைப்பு, டார்பிடோ அமெரிக்காவுடையது. முதலில் வைத்த போர்க் கணினி சரிப்படவில்லை. மாற்றுக்கு டெண்டர் விட்டு, 2001ல் அதை நிறுத்திவிட்டு அமெரிக்க அமைப்புக்கே போனார்கள். அமெரிக்கக் கடற்படையோடு சேர்ந்திருப்பதுதான் முக்கியம் என்பதே அப்போது சொன்ன காரணம். எனக்கு அது நேர்மையான முடிவாகவே படுகிறது. யாரோடு நிற்கப் போகிறோம் என்று தெரிந்து, அதற்கேற்ற ஆயுதத்தைத் தேர்ந்தார்கள்.

நாம் யாரோடும் முழுசாகச் சேராமல் எல்லாரிடமும் வாங்குகிறோம். அந்தச் சுதந்திரம் எனக்குப் பிடித்தமானதுதான், ஆனால் அதற்குத் தனியாக ஒரு விலை உண்டு. 2024 டிசம்பர் 30 அன்று பாதுகாப்பு அமைச்சகம், ஸ்கார்பீனை வடிவமைத்த பிரான்சின் நேவல் குரூப் நிறுவனத்தோடு சுமார் 877 கோடி ரூபாய்க்கு ஓர் ஒப்பந்தம் போட்டது. எதற்கு? நம்முடைய பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. உருவாக்கும் மின்சார டார்பிடோவைக் கல்வரி வகைக் கப்பல்களில் இணைத்துத் தருவதற்கு. கப்பலைக் கட்டியது மும்பை, டார்பிடோ நம்முடையது, இரண்டையும் சேர்க்கும் உரிமை மட்டும் நம் கையில் இல்லை. அந்தச் செய்தியை இரண்டு முறை படித்தேன்.

அதனால் அடுத்த நீர்மூழ்கி ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடிப் பார்ப்பது விலையை அல்ல. புது ஆயுதத்தைச் சேர்க்க மென்பொருளைத் திருத்தும் உரிமை யாரிடம் இருக்கிறது, முதல் தவணை டார்பிடோ கப்பலோடேயே வருகிறதா, முக்கிய உதிரிகள் எந்தெந்த நாட்டிலிருந்து வருகின்றன, இதைத்தான்.

அப்புறம், பிளாக் ஷார்க் கைவிடப்பட்டு ஒன்பது ஆண்டு கழித்து, 2025 டிசம்பரில், கல்வரி வகைக்காக 48 கனரக டார்பிடோ வாங்க சுமார் 1,896 கோடிக்குக் கையெழுத்தானது. விற்பவர், பிளாக் ஷார்க்கைச் செய்த அதே இத்தாலிய வாஸ் நிறுவனம்; இப்போது அது வேறு குழுமத்தின் கையில் இருக்கிறது. 2028 ஏப்ரலில் வரத் தொடங்கும் என்கிறார்கள். அப்போது கல்வரி கடற்படையில் சேர்ந்து பத்து வருடம் தாண்டியிருக்கும்.