நீர்மூழ்கி கட்ட ஆசைப்படும் பையனுக்காக நிலத்தை விற்காதீர்கள்

லால்குடி பக்கத்திலிருந்து ஓர் அப்பா எழுதியிருக்கிறார். மகன் இப்போதுதான் பிளஸ் டூ முடித்திருக்கிறான், கட்ஆஃப் 140-க்குக் கொஞ்சம் மேல். 2024 ஆகஸ்டில் ஐஎன்எஸ் அரிகாட் என்ற அணுசக்தி நீர்மூழ்கி கடற்படையில் சேர்ந்த செய்தியைப் பார்த்ததிலிருந்து, "நான் அணுசக்தி நீர்மூழ்கி கட்டணும்" என்பதைத் தவிர அவனுக்கு வேறு பேச்சே இல்லையாம். சென்னையில் ஐடி வேலையில் இருக்கும் அவனுடைய மாமா ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஏஐ சீட்டுக்குப் பேசி வைத்திருக்கிறார். பையன் அடம்பிடித்ததும் கொஞ்சம் இறங்கி வந்து, சரி, வேறொரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் நேவல் ஆர்க்கிடெக்சர் வாங்கித் தருகிறேன் என்கிறார். எதுவானாலும் விடுதிச் செலவோடு நான்கு வருடத்துக்கு இருபது லட்சத்தைத் தொடும். இருக்கிற இரண்டரை ஏக்கரில் ஒரு ஏக்கரைக் கொடுத்துவிடலாமா என்று கேட்கிறார்.

ஐயா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க இப்போது நேரமில்லை, அட்மிஷன் ஓடிக்கொண்டிருக்கிறது. நிலத்தைக் கொடுக்காதீர்கள். இந்த இரண்டு சீட்டில் எதுவும் நிலத்தை விற்கும் அளவுக்குத் தகாது.

கம்ப்யூட்டர் சயின்ஸ் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. பையனுக்கு அதில் விருப்பமில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விருப்பமில்லாத பிள்ளையைக் கடன் வாங்கிச் சேர்த்தால் மூன்றாவது செமஸ்டரில் அரியரோடு நிற்பான், கடன் மட்டும் ஒழுங்காக வட்டி போட்டுக்கொண்டிருக்கும். நேவல் ஆர்க்கிடெக்சர் நல்ல படிப்புதான். சென்னை ஐஐடியிலோ, விசாகப்பட்டினம் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழக வளாகத்திலோ, கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலோ (குசாட்) தேர்வு எழுதி இடம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள். அப்படிக் கிடைக்காதபோது, பெயருக்காக எங்கோ ஒரு கல்லூரியில் இருபது லட்சம் கொடுத்து வாங்கும் அதே பட்டம் அவனை நீர்மூழ்கி கட்டும் விசாகப்பட்டினத்துக்கு ஓரடிகூட நெருக்கமாகக் கொண்டுபோகாது. இதை உங்கள் மைத்துனரிடம் என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள்.

உங்கள் மகனோடு போனில் பேசினேன். இந்த வகை நீர்மூழ்கியில் அரிஹந்துக்கு அடுத்த இரண்டாவது கப்பலுக்கு அரிதமன் என்றுதான் பெயர் வரும் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்ததும், கடைசியில் அதற்கு அரிகாட் என்று வைத்துவிட்டு அரிதமன் மூன்றாவதுக்குப் போனதும்வரை தெரிந்து வைத்திருக்கிறான். நல்ல விஷயம், ஆனால் இந்தச் செய்தி ஆர்வம் பல பையன்களுக்கு உண்டு, அதை மட்டும் வைத்து நான் எதையும் முடிவு செய்ய மாட்டேன். பேச்சின் நடுவில் அவனாக ஒரு கேள்வி கேட்டான்: "சார், உருளை உருளையா செஞ்சு ஒட்டுறாங்களே, ஒட்டுன எடத்துல உள்ள ஓட்டை இல்லைன்னு எப்படி சார் தெரியும்?" அந்த இடத்தில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்தக் கேள்வியையே தொழிலாக வைத்திருக்கிற ஒரு துறை இருக்கிறது. அதன் பெயர் என்டிடி (நான்-டிஸ்ட்ரக்டிவ் டெஸ்டிங்). பொருளை வெட்டாமல், உடைக்காமல், உள்ளே என்ன குறை இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. திருச்சிக்காரர்களுக்கு இது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நீர்மூழ்கிக்கு இது எவ்வளவு முக்கியம் என்று கேட்டால், தேதிகளை மட்டும் பாருங்கள். முதல் கப்பலான அரிஹந்த் 2009 ஜூலை 26 அன்று விசாகப்பட்டினத்தில் தண்ணீருக்கு வந்தது. பிரதமர் மன்மோகன் சிங் அருகில் நிற்க, அவருடைய மனைவி குர்ஷரண் கவுர் தேங்காய் உடைத்தார். பெயர் ஒரே நாளில் உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் உள்ளே இருக்கும் அணு உலை இயங்கத் தொடங்க 2013 ஆகஸ்ட் ஆனது, கப்பல் கடற்படையில் சேர 2016 ஆனது. அரிகாட்டும் அப்படியே, 2017-ல் சத்தமில்லாமல் தண்ணீருக்கு வந்து 2024 ஆகஸ்ட் 29-ல்தான் சேர்ந்தது. தண்ணீருக்கு வந்ததற்கும் பணியில் சேர்ந்ததற்கும் நடுவில் இரண்டு கப்பலுக்கும் ஏறக்குறைய ஏழு ஏழு வருடம். அந்தக் காலத்தில் பெரும்பகுதி ஒவ்வொன்றாகப் பொருத்துவது, சோதிப்பது, திரும்பவும் சோதிப்பது என்றுதான் போயிருக்கும்.

கடலுக்குள் 300 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் இரும்பின் மேலும் சுமார் 300 டன் அழுத்துகிறது. அங்கே ஒரு வெல்டிங் தையலில் தலைமுடி அளவு விரிசல் இருந்தாலும் சும்மா விடாது. 1963 ஏப்ரல் 10 அன்று அமெரிக்காவின் திரெஷர் என்ற அணுசக்தி நீர்மூழ்கி 129 பேரோடு மூழ்கியது. கடல்நீர்க் குழாய் இணைப்பு ஒன்று விட்டுப்போனதுதான் தொடக்கம் என்று விசாரணை கருதியது. அதற்கு முந்தைய பழுதுபார்ப்பில் சில இணைப்புகளை அல்ட்ராசோனிக் கருவியால் சோதித்திருக்கிறார்கள், அவற்றில் ஏறக்குறைய 14 சதவீதம் தரம் குறைந்தவை என்று தெரிந்தும் இருக்கிறது. மிச்சத்தைச் சோதிக்காமலே கப்பல் கிளம்பிவிட்டது. இன்றைக்கு அமெரிக்க நீர்மூழ்கிகளுக்கு இருக்கும் கடுமையான பாதுகாப்புச் சான்று முறை இந்த விபத்துக்குப் பிறகு வந்தது.

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கா இப்போது கட்டிக்கொண்டிருக்கும் கொலம்பியா வகுப்பு ஏவுகணை நீர்மூழ்கிகளுக்காகச் செய்த ஏவுகணைக் குழாய்களில் 2018-ல் வெல்டிங் குறை வெளிப்பட்டது. குழாய்களை அனுப்புவதற்கு முன்னால் சோதித்த கருவியிலேயே கோளாறு இருந்திருக்கிறது. அந்த வகுப்பின் முதல் கப்பலுக்கு 2022 ஜூனில் கீல் போடும் விழா, அதாவது கப்பல் கட்டும் வேலையின் தொடக்கச் சடங்கு, நடந்தபோது, கப்பலுக்கு ஞானத்தாய் போல் இருப்பவரின் பெயரெழுத்துகளை ஒரு வெல்டர் இரும்புத் தகட்டில் வெல்டிங்காலேயே பொறித்தார், அது அவர்கள் வழக்கம். அந்த நாட்டில் இப்போது ஆள் பற்றாக்குறை, வர்ஜீனியா மாநிலத்தின் டான்வில் ஊரில் 16 வாரப் பயிற்சி வைத்து நீர்மூழ்கித் தொழிலுக்கு ஆள் தயார் செய்கிறார்கள். அங்கே கற்றுத்தரும் நான்கைந்து தொழில்களில் என்டிடியும் ஒன்று.

சரி, வேலை எப்படி இருக்கும்? எளிதான முறையிலிருந்து சொல்கிறேன், டை பெனட்ரன்ட் என்பார்கள். வெல்டிங் போட்ட இடத்தை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்துவிட்டு ஒரு சிவப்புச் சாயத்தை அடிப்பார்கள். பத்து நிமிடம் போல விட்டால் விரிசல் இருக்கும் இடத்தில் சாயம் உள்ளே இறங்கிவிடும். மேலே இருப்பதைத் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடி ஸ்பிரே அடித்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசலும் வெள்ளையின் மேல் சிவப்புக் கோடாகக் கசிந்து எழும். முதல் தடவை பார்க்கிற பையன்கள் வாயைப் பிளப்பார்கள். அடுத்தது அல்ட்ராசோனிக், கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேனுக்கு உறவுதான். இரும்பின் மேல் எண்ணெயோ ஜெல்லோ தடவி, ஒலியை அனுப்பி வாங்கும் சின்னக் கருவியான புரோபை நகர்த்தினால், உள்ளே போன ஒலி குறையில் பட்டுத் திரும்பி வந்து திரையில் ஒரு முள்ளாக எழும். அந்த முள் எங்கே எழுகிறது, எவ்வளவு உயரம், புரோபை நகர்த்தும்போது எப்படி மாறுகிறது என்று பார்த்து, அது விரிசலா, காற்றுக் குமிழியா, வெறும் வடிவத்தால் வரும் எதிரொலியா என்று சொல்ல வேண்டும். இதற்குப் பொறுமையும் பிடிவாதமும் வேண்டும். ரேடியோகிராபி என்றால் கதிரியக்க மூலத்தை வைத்து இரும்பை எக்ஸ்ரே எடுப்பது. சுற்றி ஆள் இருக்கக்கூடாது என்பதால் பெரும்பாலும் இரவு வேலை.

இன்னொன்று. நீர்மூழ்கிக்கு எடுக்கும் உயர்வலிமை எஃகில் வெல்டிங் முடிந்த கையோடு பார்த்தால் எல்லாம் சுத்தமாகத் தெரியும். ஹைட்ரஜன் உள்ளே சிக்கியிருந்தால் ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத் தானாக விரிசல் விடும். அதனால்தான் வெல்டிங் குச்சியான எலெக்ட்ரோடை அடுப்பில் காயவைத்து எடுக்கிறார்கள், இரும்பை முன்கூட்டியே சூடாக்குகிறார்கள், கடைசிச் சோதனைக்கு 48 மணி நேரம் காத்திருக்கிறார்கள். "டெலிவரி நெருக்குது, கையெழுத்துப் போடு" என்று மேலே இருந்து அழுத்தம் வரும், அப்போது முடியாது என்று சொல்லத் தெரிந்தவன்தான் நல்ல இன்ஸ்பெக்டர். உங்கள் மகன் பக்கத்து வீட்டு டிராக்டர் டிரெய்லர் வெல்டிங்கைப் பார்த்து "இது விட்டுடும்" என்று சண்டை போட்டதாக எழுதியிருந்தீர்களே, நீங்கள் அதைக் குறையாக எழுதியிருந்தீர்கள். எனக்கு அது தகுதியாகத் தெரிகிறது.

பாதை இதுதான். பிளஸ் டூ அறிவியல் பிரிவு முடித்தவனுக்கு அரசு பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு உண்டு. மெக்கானிக்கல் எடுங்கள், மெட்டலர்ஜி கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டே வருடத்தில் டிப்ளமோ, கல்விக் கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரம். அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவன் கணக்கிலேயே வரும். படிக்கும்போதே ஒரு விடுமுறையில் வெல்டிங் கற்கட்டும், கையில் வெல்டிங் டார்ச் பிடிக்காதவன் வெல்டிங் குறையைப் புரிந்துகொள்ள முடியாது. திருச்சி பெல் வளாகத்திலேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கே நடக்கும் குறுகிய காலப் பயிற்சிகளை விசாரியுங்கள். துவாக்குடியைச் சுற்றி இருக்கும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் போல வேறு எங்கும் இவனுக்குப் பயிற்சி கிடைக்காது.

அப்புறம் என்டிடி சான்று. லெவல் ஒன், டூ, த்ரீ என்று மூன்று படி. லெவல் ஒன் சொன்னபடி சோதிப்பவர், லெவல் டூ தானே முடிவு சொல்லி அறிக்கையில் கையெழுத்திடுபவர், லெவல் த்ரீ சோதனை முறையையே எழுதுபவர். சென்னை கிண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய என்டிடி சங்கம் முறையாகப் பயிற்சியும் தேர்வும் நடத்துகிறது. கறாராக ஒன்று சொல்கிறேன்: பத்து நாளில் ஐந்து சோதனை முறைக்கும் லெவல் டூ தருகிறோம், கல்ஃப் வேலை நிச்சயம் என்று போஸ்டர் ஒட்டும் இடங்களில் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். நல்ல நிறுவனம் எதுவும் அந்தத் தாளை மதிக்காது, கருவியைக் கையில் கொடுத்து ஒரு குறையைக் கண்டுபிடி என்று சொல்லும்.

டிப்ளமோவில் 60 சதவீதமாவது எடுத்தால் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் உதவித்தொகைப் பயிற்சியாளர் தேர்வும் எழுதலாம். பயிற்சியில் சம்பளம் போல உதவித்தொகை, நன்றாக முடித்தால் அங்கேயே வேலை. பொதுப் பிரிவுக்கு 24 வயதுக்குள் எழுத வேண்டும், அதனால் வருடங்களை வீணாக்கக்கூடாது. அரிஹந்த் உலையின் முன்மாதிரியை நீர்மூழ்கியின் உடல் போன்ற அமைப்புக்குள் பொருத்தி, கரையிலேயே ஓட்டிப் பார்த்தது கல்பாக்கத்தில்தான். அங்கே இருக்கும் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநராக இருந்த பல்தேவ் ராஜ் என்டிடி துறையிலேயே பெயர் வாங்கியவர். உயரம் வேண்டுமா, இந்தத் துறையில் அது இருக்கிறது.

நேராக நீர்மூழ்கித் தளத்தில் வேலை கிடைத்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. பாதுகாப்புத் துறை வேலைக்கு ஆள் எடுப்பது குறைவு, போலீஸ் சரிபார்ப்பு நீளும், எந்தக் கப்பலுக்கு வேலை செய்கிறோம் என்று வீட்டில்கூடச் சொல்ல முடியாமல் போகலாம். ஆனால் அரிஹந்தின் உடல் பாகங்கள் உருவானது குஜராத்தின் ஹசிராவில், ஒரு தனியார் தளத்தில். இப்படிப் பெரிய வேலைகள் பல இடங்களில் பிரிந்து நடக்கின்றன. அது எதுவும் அமையாவிட்டாலும் பாய்லர், எண்ணெய்க் குழாய், அணுமின் நிலையம், விமானப் பராமரிப்பு என்று எல்லா இடத்திலும் இதே திறமைக்கு வேலை உண்டு. முதல் இரண்டு மூன்று வருடம் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், ஊர் ஊராகப் போக வேண்டியிருக்கும். மாமா மகன் ஐடியில் வாங்குவதோடு அப்போது ஒப்பிட்டுப் பார்த்து அவன் மனதை உடைக்காதீர்கள். வேலையில் காலூன்றிய பிறகு பி.இ. படிக்க ஆசைப்பட்டால் டிப்ளமோவை வைத்து நேரடி இரண்டாம் ஆண்டு சேரலாம், பகுதிநேரமாகவும் படிக்கலாம், அப்போது அவன் பணத்தில் படிப்பான்.

கதிரியக்கம் என்றதும் அவனுடைய அம்மா பயந்துவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: ரேடியோகிராபி ஒரு முறைதான், அதைத் தொடாமலே அல்ட்ராசோனிக்கில் மட்டும் முழு வாழ்க்கையும் ஓட்டலாம். தொட வேண்டுமென்றால் 18 வயது முடிந்திருக்க வேண்டும், பாபா மையத்தின் அங்கீகாரம் பெற்ற பயிற்சியும் சான்றும் வேண்டும், உடம்பில் பட்ட கதிர்வீச்சின் அளவைப் பதிவுசெய்யும் பேட்ஜ் எப்போதும் சட்டையில் இருக்க வேண்டும். ஆண்டுக்குச் சராசரி 20 மில்லிசீவர்ட் என்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வரம்பு வைத்திருக்கிறது. பேட்ஜைக் கழற்றி வைத்துவிட்டு வேலை பார்க்கச் சொல்லும் முதலாளியிடம் ஒரு நாளும் நிற்கக்கூடாது, இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டு. பாலிடெக்னிக் நேரடி இரண்டாம் ஆண்டுக்கான கடைசித் தேதியைப் பார்த்து விண்ணப்பித்துவிடுங்கள், மாமாவின் சம்மதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். அதற்கு முன்னால் பையனை ஒரு நல்ல கண் மருத்துவரிடம் கூட்டிப்போய் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும் திறனும் நிறப் பார்வையும் சோதித்துவிடுங்கள், ஏனென்றால் என்டிடி ஆட்களுக்குக் கிட்டத்தில் பார்க்கும் திறனுக்கான சோதனை வருடா வருடம் உண்டு, நிறம் பிரித்தறியும் சோதனையும் இருக்கும். கண்ணாடி போட்டுச் சரியாகத் தெரிந்தால் போதும். நிறத்தில் குறை இருந்தால் என்னை உடனே கூப்பிடுங்கள், அப்போது வேறு மாதிரி யோசிப்போம்.